விரால் குஞ்சு பொரிக்காத கண்மாய்: செட்டிநாட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் இடையில் உள்ள ஓர் ஊர்க் கண்மாயில் நடந்தது இது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் குத்தகைக்காரர், நீர்ப்பாய்ச்சி (மடை திறந்து தண்ணீர் விடுபவர்), மீன் ஆயும் அக்கா என்றே எழுதுகிறேன். கண்மாய்களிலும் பண்ணைக் குட்டைகளிலும் மீன் வளர்ப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை.

கண்மாய் சுமார் 40 ஏக்கர். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பெருகும். சித்திரை, வைகாசியில் நடுக்குழி தவிர எல்லாம் வெடித்துக் கிடக்கும். இரண்டு வரத்துக்கால்கள். ஒன்று பொட்டல் காட்டிலிருந்து வருகிறது. இன்னொன்று ஊரின் பின்புறம், பெரிய வீடுகளின் கொல்லைச் சுவர்களை ஒட்டி வருகிறது. குடிதண்ணீர் ஊருணி தனி. அதற்கு வரத்தும் வேறு பக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் வெளியே தெரிந்ததும் ஊரில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஊருணியைப் பற்றித்தான்.

மீன்பாசி ஏலம் (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) எடுத்த குத்தகைக்காரர் வழக்கம்போல மழை நிறைந்ததும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தார். ஜிலேபி யாரும் விடாமலே வரும். விராலும் அப்படித்தான். விராலுக்கு யாரும் காசு போடுவதில்லை, ஆனால் கிலோவுக்கு நல்ல விலை கிடைப்பது அதற்குத்தான். ஏலத் தொகையில் ஒரு பங்கை விரால்தான் எடுத்துக் கொடுக்கும் என்பது எல்லாக் குத்தகைக்காரருக்கும் தெரிந்த கணக்கு.

இந்த இரண்டு வகை மீனுக்கும் உள்ள வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது. கெண்டை வகைகள் மழைக்கு விட்டு கோடையில் பிடிபடுபவை. ஒரு வயது ஆகாதவை. பாசி, மிதவை உயிரிகள், அடிக்கழிவு என்று சங்கிலியின் கீழ்ப்படியில் தின்பவை. விரால் வேட்டை மீன். சிறு மீன், தவளை, இறால், சமயத்தில் தன் இனத்தையே தின்னும். காற்றைச் சுவாசிக்க முடியும் என்பதால் தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கும். அதனால் ஒரு கண்மாயில் நாலைந்து வயது விரால் இருப்பது அதிசயமில்லை.

மழைக்காலத்தில் கண்ணில் பட்டவை

முதலில் கவனித்தவர் நீர்ப்பாய்ச்சி. எழுபதைத் தாண்டியவர், தினமும் கரையில் நடப்பவர். விரால் முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சுகள் தண்ணீரின் மேல்மட்டத்தில் கூட்டமாகச் சுற்றும். செம்மஞ்சள் நிறத்தில், கை அகலத் துணியை நீருக்குள் விரித்தாற்போல் நகரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். யாராவது கையை விட்டால் பாய்ந்து கடிக்கும். அந்த ஆண்டு கார்த்திகையில் கோரைப்புல் ஓரமாக ஜோடி ஜோடியாக விரால் நின்றது. புல்லை ஒதுக்கிக் கூடும் கட்டியிருந்தது. சிவப்புக் கூட்டம் மட்டும் எங்கும் கிளம்பவில்லை. “காவல் நிக்கிது, ஆனா எதுக்கு நிக்கிதுன்னு அதுக்கே தெரியலை போல” என்றார்.

குத்தகைக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போட்ட பணம் கெண்டையில்தானே. கெண்டை நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது.

தையில் விரால், குரவை இரண்டிலும் புண் தெரிந்தது. விலாவிலும் வால் அடியிலும் சிவந்த வட்டம், நடுவில் சதை அரித்திருந்தது. மாசி தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டார். “சார், சுண்ணாம்பு போடணுமா, மருந்து ஏதும் இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க” என்பதுதான் அவர் கேள்வி.

புண்ணைப் பார்த்ததும் என் சந்தேகம் கொள்ளைப் புண் நோய் மீதுதான் போனது. அஃபனோமைசஸ் இன்வடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரியால் வருவது. 1980களின் இறுதியில் இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் நம் நீர்நிலைகளில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. விரால், குரவை வகைகளை அதிகம் தாக்கும். சுண்ணாம்பு போடச் சொன்னேன். வெயில் ஏற ஏறப் புண் குறைந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பிய தோல் துண்டிலும் அந்தப் பூஞ்சையின் இழைகள்தான் இருந்தன. அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

ஈரல்

முடியவிடாமல் செய்தவர் சந்தையில் மீன் ஆயும் அக்கா. நாள் முழுக்க மீனைச் சாம்பல் தேய்த்துக் கல்லில் உரசி, வயிறு கீறிக் குடலெடுப்பவர். பங்குனியில் குத்தகைக்காரரிடம் அவராகவே சொல்லியிருக்கிறார்: “அண்ணே, ஒங்க கம்மா விராலு ஈரலு சரியில்லை. எடுத்தா கையில கொழகொழன்னு உதிருது. ஒரு மீன்னா விட்ருவேன், எல்லாப் பெரிய மீனும் அப்படித்தான் இருக்கு.”

மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல விராலின் ஈரல் செம்பழுப்பாக, வழுவழுப்பாக, விரலால் அழுத்தினால் மீண்டு வரும்படி இருக்கும். இதில் மஞ்சள் வெளிறி, இடையிடையே வெள்ளைத் திட்டு. பித்தப்பை உப்பியிருந்தது. பெண் மீன்களில் மழைக்காலத்திலேயே விட்டிருக்க வேண்டிய சினை உள்ளேயே தங்கிக் கட்டியாகிக் கிடந்தது. அரைக்கிலோவுக்குக் குறைந்த விராலில் இது லேசாக இருந்தது, ஒன்றரைக் கிலோ மீன்களில் பளிச்சென்று தெரிந்தது. அதே கண்மாய்க் கட்லாவின் ஈரலைக் கீறிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது.

புண் நோய் இப்படி வயது பார்த்து ஈரலைக் கெடுக்காது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் சாவது கெண்டை. காற்றைச் சுவாசிக்கும் விரால் கடைசியில்தான் போகும். வயலில் அடித்த பூச்சி மருந்து அடித்துக்கொண்டு வந்திருந்தால் ஒரே இரவில் எல்லாச் சிறுமீனும் மிதந்திருக்கும். இங்கே எதுவும் மிதக்கவில்லை. பெரிதாக, வயதாக ஆகக் கேடு கூடுகிறது. கீழ்ப்படியில் தின்னும் மீன் தப்பிக்கிறது. இந்த அடையாளம் பொருந்துவது எளிதில் சிதையாமல், கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும் வேதிப்பொருள்களுக்கு.

வேட்டை மீனில் ஏன் சேர்கிறது

டிடிடி, பிஎச்சி என்ற பழைய பூச்சிக்கொல்லிகள், பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம், குளோரின் சேர்ந்த பொருள்கள் எரியும்போது உண்டாகும் டையாக்சின் போன்றவை தண்ணீரில் கரைய விரும்பாதவை. சேற்றுத் துகளிலும் உயிர்களின் கொழுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். பாசியில் கொஞ்சம், அதைத் தின்னும் புழுவில் கூடுதலாக, புழுவைத் தின்னும் சிறுமீனில் அதைவிடக் கூடுதலாக என்று படிப்படியாக ஏறும். கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் கொசு போன்ற ஒரு பூச்சியை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டிடிடியின் (DDT) உறவான, கடைசி எழுத்து மட்டும் வேறான DDD என்ற பொருளை மிகச் சிறிய அளவில் கலந்தார்கள். தண்ணீரில் அது தேடினாலும் அகப்படாத அளவுக்குப் போன பிறகும் மீன் தின்னும் முக்குளிப்பான் வகைப் பறவைகள் செத்தன, அவற்றின் கொழுப்பில் அது குவிந்திருந்தது.

மீனுக்கு என்ன செய்யும் என்பதில் மூன்று விஷயங்களை இந்த நிகழ்வுக்காகச் சொல்ல வேண்டும். ஒன்று, ஈரல். நச்சை உடைத்து வெளியேற்றும் வேலை அதற்கு. உடைக்க முடியாத பொருள் தொடர்ந்து வந்தால் ஈரல் செல்களில் கொழுப்புத் தேங்கி அவை கெடும். இரண்டு, இனப்பெருக்கம். இவற்றில் சில, உடலின் ஹார்மோன் போலவே நடிக்கும். பிஎச்சியின் பீட்டா வடிவம் சிறு மீன்களில் பெண் ஹார்மோனைப் போல வேலை செய்வது ஆய்வகச் சோதனைகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. அதோடு தாய் தன் கொழுப்பைச் சினையின் மஞ்சள் கருவுக்குக் கொடுக்கும்போது நச்சும் சேர்ந்து போகும். குஞ்சு மஞ்சள் கருவை உண்டு முடிக்கும் நாட்களில்தான் அது வேலையைக் காட்டும். வட அமெரிக்காவின் ஒன்டாரியோ ஏரியில் லேக் டிரவுட் என்ற வேட்டை மீன் கடந்த நூற்றாண்டின் நடுவில் அழிந்ததற்கு அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் லாம்ப்ரே ஒட்டுண்ணியும் மட்டும் காரணமில்லை. டையாக்சின் வகைகள் குஞ்சுகளை அந்தப் பருவத்திலேயே கொன்றதும் சேர்ந்துகொண்டது என்பதைப் பின்னாளில் ஏரியின் படிவுகளை அடுக்கடுக்காகச் சோதித்துக் கண்டார்கள். மூன்று, நோய் எதிர்ப்பு. இவை அதைத் தளர்த்தும். ஆகவே தையில் பார்த்த புண்ணுக்குப் பூஞ்சைதான் காரணம் என்றாலும், அது இவ்வளவு ஆழமாக அரிக்க வழி விட்டது வேறொன்றாக இருக்கலாம்.

நம் ஊர்க் கோடைக்கென்று ஒரு சங்கதி உண்டு. தண்ணீர் வற்ற வற்ற விரால் இரை தேடுவதை நிறுத்தி, சேர்த்து வைத்த கொழுப்பில் வாழ்கிறது. கொழுப்பு கரையும்போது அதில் பூட்டிக் கிடந்த நச்சு ரத்தத்தில் இறங்கும். சித்திரையில் நடுக்குழியில் பெரிய விரால்கள் ஒவ்வொன்றாகச் செத்து ஒதுங்கின, அதே குழியில் ஜிலேபி துள்ளிக்கொண்டிருந்தது. வெயிலில் விரால் சாவதா என்று ஊரே ஆச்சரியப்பட்டது.

மாதிரி எடுத்தது

தண்ணீரைச் சோதித்தால் போதும் என்று பலர் சொன்னார்கள். முன்பே ஒருவர் தண்ணீர் சோதனை செய்து ‘இயல்பு’ என்று ஒரு தாள் வாங்கி வைத்திருந்தார். அந்தத் தாளை எத்தனை கூட்டத்தில் எடுத்துக் காட்டினார்களோ! செட்டிநாட்டில் புரியும்படி சொல்வதென்றால், தண்ணீர் அன்றன்றைய கல்லாப்பெட்டி, மீனின் கொழுப்பும் கண்மாயின் சேறும் பேரேடு. பல வருடப் பற்று வரவைக் கல்லாவில் தேடக் கூடாது.

எடுத்தவை இவை: மூன்று பெரிய விராலின் ஈரலும் வயிற்றுக் கொழுப்பும், இரண்டு சிறிய விரால், கட்லா, ஜிலேபி, இரண்டு வரத்துக்கால் வாயிலும் மடைக்குழியிலும் மேல்சேறு. கூடவே, கலுங்கு (உபரி நீர் வெளியேறும் வாய்) வழியாகத் தொடர்பில்லாத பக்கத்து ஊர்க் கண்மாயிலிருந்து அதே எடை விரால். இந்தக் கடைசி மாதிரி இல்லாமல் இருந்திருந்தால் முடிவைப் படிக்கவே முடிந்திருக்காது. பிளாஸ்டிக் பையில் போடாமல் அலுமினியத் தாளில் சுற்றி, சேற்றைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினோம். வேட்டை மீன் என்பதால் பாதரசத்தையும் பார்க்கச் சொன்னோம்.

செலவைக் குத்தகைக்காரரும் ஊர்ப்பொதுவும் பாதிப் பாதி ஏற்றார்கள். மனுஷன் தன் மீனைத் தானே சந்தேகப்பட்டுக் காசு கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

முடிவு வைகாசியில் வந்தது. தண்ணீரில் கண்டறியும் அளவுக்கு எதுவும் இல்லை. பாதரசம் கவலைப்படும் அளவில் இல்லை. எல்லா விராலிலும், பக்கத்துக் கண்மாய் விராலில்கூட, டிடிஇ இருந்தது. டிடிடி சிதைந்து உண்டாவது அது. 1953இல் தொடங்கிய மலேரியாத் திட்டத்தில் வீட்டுச் சுவரெல்லாம் அடித்ததும், 1989இல் விவசாயத்தில் தடை வரும்வரை வயலில் போட்டதும் இந்த வட்டாரமெங்கும் விட்டுப்போன எச்சம். ஆனால் பிஎச்சி எங்கள் கண்மாய் விராலில் மட்டும்தான் குவிந்திருந்தது. பக்கத்துக் கண்மாயில் பெயருக்குத்தான் இருந்தது. கட்லாவில் மிகக் குறைவு, ஜிலேபியில் சற்றுக் கூடுதல், பெரிய விரால் ஈரலில் அவற்றைவிடப் பல மடங்கு.

இன்னொன்றும் தெரிந்தது. கடையில் விற்ற பிஎச்சி பொடி என்பது ஆல்ஃபா, பீட்டா, காமா முதலிய வடிவங்களின் கலவை. நாள்பட்டால் மற்றவை சிதைந்து பிடிவாதமான பீட்டா மட்டும் மிஞ்சும். மீனில் பீட்டாதான் மேலோங்கி இருந்தது. ஊர்ப்பக்க வரத்துக்கால் வாய்ச் சேற்றிலோ ஆல்ஃபாவும் காமாவும் தாராளமாக இருந்தன. அப்படியென்றால் பழைய எச்சம் மட்டுமில்லை. பொடி இன்னும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. பிஎச்சி 1997இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதன் ஆல்ஃபா, பீட்டா வடிவங்களும் லிண்டேன் என்ற காமாவும் 2009இல், எளிதில் சிதையாத நச்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்ற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்ந்தன. யார் இப்போது இதைக் கொட்டுகிறார்கள்?

எங்கிருந்து வந்தது

வரத்துக்கால் வழியே மேலே நடந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் பிரித்த ஒரு பெரிய வீட்டின் கொல்லை வந்தது. வாரிசுகள் பல ஊர்களிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். பராமரிக்க ஆள் இல்லாமல் நிலை, தூண், கதவு, உத்திரம் என்று பர்மாத் தேக்கைக் கழற்றி காரைக்குடி வியாபாரிகளுக்கு விற்றார்கள். மிஞ்சிய சுண்ணாம்புக் காரை, மண், ஓட்டுச் சில்லு எல்லாம் கால்வாய்க் கரையில் மேடாகக் கிடந்தன.

அந்த மேட்டைக் கம்பியால் கிளறியதும் நீர்ப்பாய்ச்சி மூக்கைப் பொத்திக்கொண்டார். “கமாக்சின் பொடி” என்றார். பிஎச்சிக்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயர் அது. அந்தப் புழுங்கல் வாடையை அவர் வயதுக்காரர் யாரும் மறக்க மாட்டார்கள். காரைக்கு அடியில் மட்கிய சாக்குகள், துருப்பிடித்த இரண்டு தகர டின்கள், பாதி இறுகி வெளுத்த பொடி. அந்த வீட்டில் பல காலம் காவல் இருந்த ஒருவரைக் கேட்டதில் கதை துலங்கியது. பெட்டகச் சாலையிலும் மச்சிலும் கறையான் ஏறாமல் இருக்க ஆண்டுதோறும் பொடி தூவுவார்களாம். மொத்தமாக வாங்கி ஓர் அறையில் அடுக்கியிருந்தார்கள். தடை வந்தபோது அறையைப் பூட்டியதோடு சரி. வீட்டைப் பிரித்த கூலியாட்களுக்கு அது என்னவென்றே தெரியாது, குப்பையோடு குப்பையாக வாரிக் கொட்டினார்கள். மூன்று மழை அதைக் கரைத்துக் கண்மாய்க்குக் கொண்டுவந்தது.

இதில் யாரையும் குற்றவாளி ஆக்க எனக்கு மனமில்லை. தேக்கைக் காப்பாற்ற அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். இப்போது பிரிபடும் ஒவ்வொரு பெரிய வீட்டிலும் இப்படி ஒரு பூட்டிய அறை இருக்க வாய்ப்புண்டு, கவலை அங்கேதான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு மீன்பிடித் திருவிழாவைப் பற்றியது. வற்றிய கண்மாயில் கரையில் நின்று ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் அரிவலையுமாகச் சுற்றுவட்டாரமே இறங்கும். நடத்தினால் அடுத்த மழை நன்றாகப் பெய்யும் என்ற நம்பிக்கையும் உண்டு. எல்லோரும் முதலில் பாய்வது விராலுக்கு. நிறுத்தச் சொன்னால் எப்படிக் கேட்பார்கள்? கூட்டத்தில் நான் விளக்கிய பீட்டா, காமாவெல்லாம் காற்றோடு போயின. மீன் ஆயும் அக்கா ஒரு வேலை செய்தார். இரண்டு தேக்கிலையில் இரண்டு ஈரலை வைத்தார், ஒன்று பக்கத்துக் கண்மாய் விரால், ஒன்று நம்முடையது. “ஒங்க பிள்ளைக்கு எதைக் குடுப்பீக?” என்று மட்டும் கேட்டார். அந்த ஆண்டு திருவிழா இல்லை என்று முடிவானது. ஓரிருவர் முணுமுணுத்தார்கள், அது இருக்கத்தான் செய்யும்.

கெண்டையைக் குத்தகைக்காரர் வலை போட்டு விற்றார், சோதனை முடிவைப் பார்த்த பிறகு. விரால் விற்பனை நிறுத்தப்பட்டது. பிடிபட்ட பெரிய விரால்களை உண்ணவோ நாய்க்குப் போடவோ விடாமல் கண்மாய்க்கு வெளியே ஆழக் குழியில் புதைத்தார்கள். அதுவரை சாப்பிட்டவர்கள் பதறாமல் இருக்கச் சொன்ன அறிவுரை: இந்தக் கண்மாய் விராலின் ஈரல், சினை, வயிற்றுக் கொழுப்பு, தோல் இனி வேண்டவே வேண்டாம், கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சிறு பிள்ளைகளும் சதையையும் தவிர்க்கட்டும். பிஎச்சி கொழுப்பில் இருப்பதால் அவற்றை நீக்கினால் பெரும்பங்கு போய்விடும். குழம்பில் கொதிக்க வைத்தாலோ வறுத்தாலோ அழியாது. பாதரசமாக இருந்திருந்தால் இந்த அறிவுரை பயன்பட்டிருக்காது, அது சதையிலேயே ஒட்டும். நோயில் எழுந்தவருக்கு விரால் குழம்பு, பிள்ளைக்குச் சினை என்று பழகிய ஊரில் இதைச் சொல்வது சங்கடமாகத்தான் இருந்தது.

அப்புறம் பொடி. எரித்துவிடலாம் என்றது ஒரு கட்சி, புதைத்துவிடலாம் என்றது இன்னொன்று. எரித்தால் டையாக்சின் கிளம்பும். புதைத்தால் இன்னொரு மழைக்கு அதே கதை. முகமூடி, கையுறை போட்டு, பொடியையும் அதன் அடி மண்ணையும் இரட்டைப் பையில் அள்ளி, மூடியுள்ள டிரம்களில் அடைத்து, மேடான ஒரு கட்டடத்தில் பூட்டினோம். ஆபத்தான கழிவுகளுக்கான 2016 விதிகளின்படி உரிய இடத்தில் எழுதிக்கொடுத்து, கும்மிடிப்பூண்டிக் கழிவு மையத்துக்கு அனுப்பும்வரை மாதங்கள் ஆயின. செலவை வீட்டு வாரிசுகள் ஏற்றார்கள்.

வரத்துக்கால் வாய்ச் சேறுதான் கடினமான விஷயம். கோடையில் விவசாயிகள் வண்டல் மண் அள்ளி வயலுக்குப் போட அனுமதி உண்டு. அதே சேறு நெல் வயலுக்கும் செங்கல் சூளைக்கும் போயிருக்கும். அந்த இடத்தில் மட்டும் அள்ளக் கூடாது என்று ஊர் தீர்மானம் போட்டு முள்வேலி கட்டியது. தோண்டி எடுக்கலாமா என்று பேசினோம். தோண்டும்போது கலங்கிப் பரவும், எடுத்ததைக் கொட்ட இடமும் இல்லை. எனவே காய்ந்திருந்த நாட்களிலேயே களிமண்ணும் அதன் மேல் செம்புராங்கல் சரளையும் கொட்டி மூடினோம். ஊர்ப்பக்க வரத்தைச் சிறு அணை போட்டு மற்ற வரத்துக்காலோடு சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த இரண்டு மழை

முதல் மழையில் மடைப்பக்கம் இரண்டு மூன்று சிவப்புக் கூட்டங்கள் தெரிந்தன. வேலி போட்ட மூலையில் இல்லை. இரண்டாம் மழையில் கூடுதலாகவே இருந்தது. ஆனால் அந்த ஆண்டு மேல்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து புது விரால் வந்து சேர்ந்ததால் எவ்வளவு நம் வேலையின் பலன், எவ்வளவு வந்த மீனின் குஞ்சு என்று பிரிக்க முடியாது. இளம் விராலின் ஈரல் செம்பழுப்பாகவே இருந்தது, சோதனையிலும் பிஎச்சி குறைந்திருந்தது. சேற்றில் தப்பிக் கிடந்த ஒரு கிழ விராலில் மட்டும் பழைய அளவு அப்படியே. புண் நோய் இரண்டாம் தையில் திரும்ப வந்தது, பக்கத்து ஊர்களிலும் வந்தது. ஆழமாக அரிக்கவில்லை.

குத்தகைக்காரருக்கு நஷ்டம். விரால் வரவு போனது ஒருபுறம். ‘மருந்து மீன்’ என்ற பேச்சு பரவி அவருடைய கெண்டைக்கும் விலை இறங்கியது. ஒரு குற்றமும் இல்லாத பக்கத்துக் கண்மாய் மீனையும் சந்தையில் ஒதுக்கினார்கள். ஏலத் தொகையில் தள்ளுபடி கேட்டார், கிடைக்கவில்லை. அடுத்த சுற்று ஏலத்தில் அவர் கலந்துகொள்ளவில்லை.

இன்னொரு கண்மாயில் என்றால்

வேட்டை மீனில் குஞ்சு வராத செய்தி கார்த்திகையிலேயே கிடைத்துவிடுகிறது, ஈரல் பங்குனியில்தான் தெரிகிறது. இடையில் நாலைந்து மாதம். ஆகவே சிவப்புக் கூட்டம் காணவில்லை என்று கேட்டதுமே ஒரு பெரிய விராலைக் கீறிப் பார்த்துவிடுவது நல்லது. காசு செலவில்லாத சோதனை அது. சந்தையில் மீன் ஆய்பவர்களிடம் மாதம் ஒருமுறை பேச்சுக் கொடுக்கலாம். எந்தக் கண்மாய் மீனின் உள்ளே என்ன மாறுகிறது என்பதை அவர்களைவிட முன்னால் பார்ப்பவர் யாரும் இல்லை.

புண்ணைக் கண்டு சுண்ணாம்பு போடுவதில் தவறில்லை. அதோடு, சாதாரண ஆண்டுகளிலேயே ஒரு விரால் ஈரலும் வரத்துக்கால் வாய்ச் சேறும் ஒருமுறை சோதித்து வைத்திருந்தால் பின்னால் ஒப்பிட அது இருக்கும். இங்கே பக்கத்துக் கண்மாய் கைகொடுத்தது, எல்லா இடத்திலும் அப்படி அமையாது.

பழைய வீட்டைப் பிரிக்க அனுமதி கேட்கும்போது மச்சையும் பூட்டிய அறைகளையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று ஊராட்சியில் சொல்லி வைத்திருக்கிறோம். தூண் வாங்க வரும் வியாபாரிகளிடமும் சொல்லலாம், முதலில் உள்ளே போகிறவர்கள் அவர்கள்தான். மீன்பாசி ஏல நிபந்தனையில் மாசு காரணமாக விற்பனை நின்றால் தொகையை என்ன செய்வது என்று ஒரு வரி சேர்ப்பதும் அவசியம். அந்த வரி இல்லாவிட்டால் அடுத்த குத்தகைக்காரர் ஈரலைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தக் கண்மாயில் அடுத்த மாதிரியைத் தண்ணீர் வற்றும் பங்குனியில்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். மழைக்காலத்து விரால் நன்றாக இரை தின்று கொழுத்திருக்கும், அப்போது எடுத்தால் கொழுப்போடு நச்சும் நீர்த்து, அளவு குறைவாகத் தெரியும். வேலியைப் பிரிப்பதா வேண்டாமா என்பதை அந்த முடிவு வந்த பிறகு ஊர்க்கூட்டத்தில் வைப்பார்கள்.